டயருக்கு ஊசி போட்டது யார்?

அத்தியாயம் 4

"செய்தி ஒண்ணும் இல்லை மகளே. எல்லாரும் நலம்" என்றார் எங்களை வரவழைத்த உம்மு கல்ஃபான், என் முதலாளியம்மாவிடம்.

அந்தக் குரலைக் கேட்டால் யாரும் நலமாக இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இந்த மணலில் முதல் தடவை விசாரித்தால் வருகிற பதில் இதுதான். கூடாரம் பற்றி எரிந்தாலும் முதலில் செய்தி கிடையாது. காப்பி ஊற்ற வேண்டும், பேரீச்சம்பழத் தட்டை நம் பக்கம் தள்ள வேண்டும், பிறகு இன்னொரு தடவை விசாரிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் நெருப்பைப் பற்றிப் பேச்சு வரும். நான் மஸ்கட்டில் வளர்ந்த பலூச்சி. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"நலம்னா நாங்க கிளம்பட்டுமா? வண்டி இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றேன்.

என் முதலாளி ஸுவைனா என் காலை மிதித்தார். வீடியோக்களுக்கு வருகிற வியாதிகளுக்குக் காரணம் கண்டுபிடிப்பது அவர் தொழில். படத்தில் முகம் பச்சையாகிறதா, வாய் மூடிய பிறகு பேச்சு வருகிறதா, கல்யாண மாப்பிள்ளை கட்டம் கட்டமாக உடைகிறாரா, ஓமானில் எந்த மூலையிலிருந்தும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, மிதி வாங்குவது மூன்றும் என் பொறுப்பு. அவரை உஸ்தாதா, அதாவது ஆசிரியை, என்றுதான் கூப்பிடுவேன்.

உஸ்தாதா பொறுமையாக இரண்டாவது தடவை கேட்டார். "வேற என்ன செய்தி, தாயே?"

"வேற ஒண்ணும் இல்லை. ஸம்ஹாவை மோசடிக்காரின்னு சொல்லிட்டாங்க."

ஸம்ஹா கூடாரத்துக்குப் பின்னால் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தாள். தேன் நிறத்து ஒட்டகம். தன்மேல் வழக்கு இருப்பதே தெரியாத முகம்.

ஒட்டக அழகுப் போட்டியில் கழுத்து நீளமாக இருக்க வேண்டும், உதடு தொங்க வேண்டும். தொங்காத உதட்டுக்கு ஊசி போட்டுத் தொங்கவிடுகிற பேர்வழிகள் உண்டு. அதனால் விழாக் குழு, ஒவ்வொரு ஒட்டகத்தின் போன வருட வீடியோவையும் இந்த வருட வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. ஸம்ஹாவுக்கு ஒரே வருடத்தில் உதடு, கழுத்து, கால் எல்லாமே நீண்டிருந்தன.

"டாக்டர் சோதிச்சுப் பார்த்தாரா?" என்றார் உஸ்தாதா.

"பார்த்தார். உதட்டுல ஒண்ணுமே இல்லைன்னார்."

"அப்புறம் என்ன? நிரபராதிதானே?" என்றேன்.

"சோதனையில கூடத் தெரியாத புது மருந்துன்னு முடிவு பண்ணிட்டாங்கப்பா." உம்மு கல்ஃபான் காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தார். "சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் விழாத் தலைவர் ஷேக் ஹமூத் ஒலிபெருக்கியில தீர்ப்பைப் படிக்கப் போறார். ஸம்ஹாவும் அவ வயித்துல பிறக்கிறதும் இனி எந்த மைதானத்திலயும் கால் வைக்கக் கூடாது. என் பேரையும் சேர்த்துப் படிப்பாங்க. ஒட்டகத்துக்கு என்ன, நாளைக்கே மறந்துடும். நான் எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்?"

அவர் முகத்தைப் பாதிக்குமேல் மறைத்திருந்த புர்காவுக்குள் கண்கள் கலங்கியிருந்தன. நாக்கு நுனிக்கு வந்த கிண்டலை விழுங்கிவிட்டேன். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

*

நடுவர்களின் கூடாரத்துக்குள் மார்கழிக் குளிர். இந்த வருடம் புதிய ஏற்பாடு. வெயிலில் நின்று பார்த்தால் நடுவர்களுக்கு மூட்டு வலிக்கிறதாம். அதனால் ஒட்டகங்கள் வெளியே நடக்கும், கேமரா படம் எடுக்கும், நடுவர்கள் மெத்தையில் சாய்ந்தபடி பெரிய திரையில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். எதிரே துணியைத் தூக்கினால் நிஜ ஒட்டகம் தெரியும். யாரும் தூக்குவதில்லை.

நாங்கள் போனபோது அவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். காவலாளி எங்கள் பையைப் பார்த்து ரிப்பேர் ஆட்கள் என்று உள்ளே விட்டுவிட்டார். அது பொய்யும் இல்லை.

திரையில் ஸம்ஹா வந்தாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கூடாரத்துக்குப் பின்னால் மென்றுகொண்டிருந்தவள் வேறு, இவள் வேறு. உதடு மார்பைத் தொட ஆசைப்பட்டது. கழுத்து திரைக்கு வெளியே போகப் பார்த்தது.

"உஸ்தாதா, இது ஊசி இல்லை. பம்ப்பு வெச்சு அடிச்சிருக்காங்க" என்றேன்.

அவர் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை. ஸம்ஹாவின் கால்களுக்குப் பின்னால், தூரத்தில் நின்ற பிக்கப் வண்டியில் அவர் கண் இருந்தது.

"ஷம்பே, அந்தச் சக்கரத்தைப் பார்."

பார்த்தேன். சக்கரம் முட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி நின்றது.

"ஒட்டகத்துக்கு உம்மு கல்ஃபான் ஊசி போட்டாங்கன்னே வெச்சுக்கோ. டயருக்கு யார் போட்டது?"

வீடியோவைப் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

*

படத்தைத் திரையில் ஓட்டுகிற மென்பொருளை எழுதியவன் யக்தான். நிஸ்வா ஊர்க்காரன், தலையில் பூவேலைத் தொப்பி, கண்ணில் தூக்கமின்மை. மைதானத்து ஓரத்தில் ஒரு கன்டெய்னர் அறையில் நான்கு திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

உஸ்தாதா வீடியோவைக் கொடுத்தார். அவன் ஓட்டினான். ஸம்ஹா சாதாரண ஸம்ஹாவாக நடந்து போனாள். பின்னால் சக்கரம் ரொட்டி மாதிரி வட்டமாக இருந்தது.

"பாருங்க. என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்றான் யக்தான்.

"இந்த வார்த்தையைச் சொல்லாத மென்பொருள்காரனை நான் இன்னும் பார்க்கலை" என்றேன்.

"ஷம்பே, சும்மா இரு." உஸ்தாதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதே வீடியோ. அங்கே நீளம், இங்கே சரி. அப்போ வீடியோ மேல தப்பு இல்லை. கேமரா மேலயும் தப்பு இல்லை. ஓட்டுற ஆள் மேலதான். தம்பி, இப்போ நீ எதுல ஓட்டினே?"

யக்தான் காப்பி ஊற்ற எழுந்தான்.

"இது கடையில இலவசமாக் கிடைக்கிற செயலி. நீ எழுதினது இல்லை. தன் ஓட்டல்ல சமைச்சு வெச்சுட்டு பக்கத்து ஓட்டல்ல போய்ச் சாப்பிடுற ஆளைப் பார்த்தா எனக்குச் சந்தேகம் வரும். உன் சொந்தச் செயலியில ஓட்டு."

ஓட்டினான். ஸம்ஹாவின் கழுத்து சரசரவென்று நீண்டது. பிக்கப் மறுபடி முட்டைகளின் மேல் நின்றது.

யக்தான் தலையைத் தொங்கப் போட்டான். விஷயத்தை எனக்காக எளிமையாகச் சொன்னான். அங்கே இருந்த கேமராக்களில் மூன்றாவது பழசு. அது படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி மடித்துத்தான் பதிவு செய்யும். கூடவே, 'காட்டும்போது இவ்வளவு விரித்துக் காட்டு' என்று ஒரு குறிப்பையும் அனுப்பும். ஓட்டுகிற செயலி அதைப் படித்து, சுருட்டிய பாயை விரிக்கிற மாதிரி விரிக்க வேண்டும். குறிப்பைப் படிக்காவிட்டால் எல்லாம் ஒல்லியாக, நெட்டையாகத் தெரியும்.

"சரி, உன் செயலி படிக்கத் தெரியாத முட்டாளா?" என்றேன்.

"படிக்கும். மூணாம் கேமரா குறிப்பை மட்டும் படிக்காதேன்னு நானே ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன்."

உஸ்தாதா நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினைந்து வருடத் தொழிலில் தவறுதலாகக் கெட்டுப்போன வீடியோக்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். பிரியப்பட்டுக் கெடுத்த வீடியோ இதுதான் முதல்.

"மத்த ஒட்டகம் எல்லாம் ஒழுங்காத்தானே தெரியுது? ஸம்ஹா மட்டும் ஏன் மூணாம் கேமராவுல வந்தா?"

"மைதானத்துல இருந்த கேமராவை அவ முறை வந்தப்போ உதைச்சு உடைச்சுட்டா. அவசரத்துக்கு மேடையில இருந்த மூணாம் கேமராவைத் தூக்கிட்டு வந்தாங்க. அவ நடந்து முடிக்கிறதுக்குள்ள வேற கேமரா வந்துடுச்சு."

"தனக்குத் தானே குழி வெட்டிக்கிட்டா மகராசி" என்றேன்.

உஸ்தாதா யோசித்தார். "மேடையில அந்தக் கேமரா யாரைப் படம் எடுத்துது?"

 யக்தானின் பார்வை ஜன்னல் பக்கம் ஓடித் திரும்பியது. நாங்களும் அங்கே பார்த்தோம். தொடக்க விழாப் பேச்சிலிருந்து எடுத்த பெரிய படம் ஒன்றைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். விழாத் தலைவர் ஷேக் ஹமூத், இடுப்பில் வெள்ளிக் கத்தி, ஈர்க்குச்சி உடம்பு. காலையில் அவர் காரிலிருந்து இறங்கியதை நான் பார்த்திருந்தேன். முதலில் வயிறு இறங்கியது, பிறகு அவர் இறங்கினார்.

"அட, ஷேக்கேதானா!" என்றேன்.

"கத்தாதே சகோதரா!" யக்தான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். "முதல்ல நிஜமாவே என் பிழைதான். குறிப்பைப் படிக்க மறந்துட்டேன். விழாவுல ஒல்லியாத் தெரிஞ்சார். மறுநாள் சரி பண்ணிட்டேன். அன்னிக்குச் சாயந்திரமே இங்கே வந்துட்டார். சரியா இருந்ததைக் கெடுத்துட்டேன்னு புகார் சொன்னார்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"காப்பி ஊத்திக் கொடுத்தேன். கிண்ணத்தைத் தரையில வெச்சுட்டார்."

அதற்குமேல் அவன் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி கிண்ணத்தைத் தரையில் வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். தருகிறேன் என்ற வாக்கு வராமல் குடிக்க மாட்டார். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் காப்பி ஊற்றியவன் மானம் அத்தோடு போயிற்று. பயல் வாக்குக் கொடுத்திருக்கிறான். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

"கல்யாண வயசுல பேத்தி இருக்கா, சம்பந்தி வீட்டுக்காரங்க பார்ப்பாங்க, அப்படியே இருக்கட்டும்னார்" என்றான் யக்தான். "அந்த வரியை இப்பவே எடுத்துடுவேன். ஏன் எடுத்தேன்னு குழு கேக்கும். வெளியில சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். என்னை வெட்டிப் போட்டாலும் சொல்ல முடியாது."

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்" என்றார் உஸ்தாதா.

*

அதற்கு முட்டுக்கட்டை போட்டவர் சாட்சாத் உம்மு கல்ஃபான்.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஸம்ஹாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "வேண்டாம் மகளே. என் பேரைக் காப்பாத்த அந்த மனுஷனை நாலு பேர் நடுவுல நிறுத்திச் சிரிக்க வைக்கவா? வயித்தை மறைக்க ஆசைப்பட்டார். அது ஒரு குத்தமா? வேற ஏதாவது வழியில நிரூபி."

"வேற வழி இல்லைன்னா?"

"இல்லைன்னா என் தலையெழுத்து."

உஸ்தாதாவுக்கு இப்படியொரு கட்சிக்காரர் அதற்குமுன் வாய்த்ததில்லை. எரிச்சலும் மரியாதையுமாக என்னைப் பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டேன்.

அஸர் தொழுகை முடிந்து கூடாரம் நிறைந்தது. நடுவர்கள் மெத்தையில், ஒட்டகக்காரர்கள் தரையில், நடுவில் ஒலிபெருக்கியோடு ஷேக் ஹமூத். கையில் தீர்ப்பு. யக்தான் ஓரத்தில் தன் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

உஸ்தாதா எழுந்து அனுமதி கேட்டார். முதலில் டயர். திரையில் முட்டைச் சக்கரத்தைக் காட்டி, "ஐயா, இப்படியும் டயர் உண்டா?" என்றார்.

நடுவர்களில் மூத்தவர் யோசித்துவிட்டு, "மணல்ல ஓட்டுறதுக்குக் காத்தை இறக்கியிருப்பாங்கம்மா" என்றார். மற்ற நடுவர்கள் தலையாட்டினார்கள்.

"காத்தை இறக்கினா டயர் படுக்கும் ஐயா. எழுந்து நிக்காது."

"புது டயரா இருக்கும்."

 உஸ்தாதா அடுத்த ஆயுதத்தை எடுத்தார். மூன்றாம் கேமராவைக் கூடாரத்துக்குள் வைக்கச் சொன்னார். உம்மு கல்ஃபான் ஸம்ஹாவை உள்ளே நடத்திக் கொண்டு வந்தார். ஏசிக் காற்று பட்டதும் ஸம்ஹா ஒரு நடுவரின் ஹல்வாத் தட்டை மோந்து பார்த்துத் தும்மினாள். எல்லோரும் பார்க்க, நிஜ ஸம்ஹா குட்டை உதட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் திரையில் அதே ஸம்ஹா, அதே நேரத்தில், முழ உதட்டோடு நின்றாள்.

"இப்போ என்ன சொல்றீங்க?" என்றார் உஸ்தாதா வெற்றியோடு.

நடுவர்கள் திரையைப் பார்த்தார்கள். ஒட்டகத்தைப் பார்த்தார்கள். தலைகளைச் சேர்த்துக் கிசுகிசுத்தார்கள். மூத்தவர் தொண்டையைச் செருமினார்.

"மருந்து இறங்கிடுச்சு."

"ஐயா, திரையில இப்பவும் நீளமாத்தானே இருக்கு!"

"திரைக்கு இன்னும் செய்தி வந்து சேர்ந்திருக்காது."

கூட்டம் ஆமாம் என்றது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.  இனி உஸ்தாதாவிடம் ஒரே ஒரு ஆயுதம்தான் பாக்கி. அவர் ஷேக் பக்கம் திரும்புவதற்குள் உம்மு கல்ஃபான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் மகளே." பிறகு ஷேக்கை நேராகப் பார்த்தார். "படிங்க ஷேக். உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. நான் யாரையும் குறை சொல்லலை."

ஷேக் ஹமூத் தீர்ப்பை விரித்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார். நின்றுவிட்டார்.

அவர் பார்வை யக்தானிடம் போனது. பையன் தரையைப் பார்த்தான். உஸ்தாதாவிடம் வந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் உம்மு கல்ஃபானிடம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அவமானத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறாள் என்பது அவருக்கு அந்த நிமிடம் புரிந்தது. அவர் காது மடல்கள் சிவந்ததை நான் பார்த்தேன்.

ஷேக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மெதுவாக நடந்து போய், கேமராவுக்கு எதிரே, ஸம்ஹாவை ஒட்டி நின்றார்.

திரையில் ஒரு ஈர்க்குச்சி ஷேக் தோன்றினார். கூடாரத்தில் நிஜ ஷேக் முழு அகலத்தோடு நின்றார். இருவரும் ஒரே நேரத்தில் மீசையைத் தடவினார்கள். 

"ஐயா" என்றார் ஷேக் மூத்த நடுவரிடம். "எனக்குப் போட்ட மருந்தும் இறங்கிடுச்சா?"

மூத்தவர் திரையைப் பார்த்தார். ஷேக்கின் வயிற்றைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வயிற்றையும் பார்த்துக்கொண்டார்.

"ஒட்டகத்து மேல தப்பு இல்லை. இந்த அம்மா மேல தப்பு இல்லை. அந்தப் பையன் மேலயும் இல்லை. நான் கேட்டேன், அவன் செஞ்சான்" என்றார் ஷேக். "யக்தான், அந்த வரியை எடுத்துடு மகனே."

யக்தான் விசைகளைத் தட்டினான். திரை இருண்டு வெளுத்தது. ஸம்ஹாவின் கழுத்து இறங்கியது, உதடு இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. பக்கத்தில் ஷேக் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரிந்து, தன் சொந்த வயிற்றோடு வந்து நின்றார். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு பரவப் பார்த்தது. ஷேக் தலை குனிந்தார். ஐயோ பாவம் என்றிருந்தது எனக்கு.

"எதுக்குத் தலை குனியறீங்க?" என்று உம்மு கல்ஃபானின் குரல் கணீரென்று வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. "உங்க அப்பாவும் இதே உடம்புதான். மழை பொய்ச்ச வருஷம் நாங்க தம்பி தங்கச்சிகளைத் தூக்கிக்கிட்டு நடந்து வந்தோம். எந்தக் கூடாரத்துக்குப் போறதுன்னு தெரியலை. தூரத்துல வாசல்ல இந்த வயிறு நிக்கிறதைப் பார்த்துதான், அங்கே சோறு இருக்குன்னு எங்க அம்மா எங்களைக் கூட்டிட்டுப் போனா."

 ஷேக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை எடுத்தார். ஸம்ஹாவின் பெயரையும் உம்மு கல்ஃபானின் பெயரையும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, மரியாதையோடு, இரண்டு தடவை சொன்னார்.